ஏற்காடு ஏறும்போது மட்டும் ரேடியேட்டர் வழிகிறது: காரணத்தைக் கண்டறியும் முறை

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். 8 ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். சேலம் நகருக்குள், ஐந்து ரோடு நெரிசலில் ஏசியோடு நின்றாலும் ஒரு குறையும் தெரிவதில்லை. குடும்பத்தோடு ஏற்காடு ஏறும்போது மட்டும், பாதி வளைவுகளைத் தாண்டியதும் வெப்பம் காட்டும் முள் நடுவிலிருந்து மேலே நகர்கிறது. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் ரேடியேட்டரின் ரிசர்வ் டேங்க் நிரம்பி வழிகிறது. வாரத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. அதையும் வீட்டு போர் தண்ணீரிலிருந்தே ஊற்றி வந்திருக்கிறீர்கள். ரேடியேட்டர் மூடியை ஒரு முறை மாற்றியாகிவிட்டது. இப்போது பட்டறையில், "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டா சரியாயிடும்ண்ணா" என்கிறார்கள். இன்ஜின் சூடானதும் திறந்து, திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் அந்த வால்வைக் கழற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

கழற்ற வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், எந்தப் பாகத்தை மாற்றுவது என்ற கேள்வியையே சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை வெளியே தள்ளுவது எது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய ஒரு குளிர்விப்புச் சுற்றிலிருந்து திரவத்தை வெளியே தள்ளக்கூடியவை மூன்றே மூன்றுதான். முதலாவது, சூடேறும்போது திரவம் தானாக விரிவது. இரண்டாவது, எங்கேனும் அது கொதித்து நீராவியாவது. மூன்றாவது, இன்ஜினின் எரிப்பறையிலிருந்து வாயு கசிந்து கூலன்டுக்குள் புகுவது. முதலாவது எல்லாக் கார்களிலும் நாள்தோறும் நடக்கும் இயல்பான நிகழ்வு. இரண்டாவது சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாயில் முடியக்கூடிய கோளாறு. மூன்றாவது இன்ஜினைத் திறக்க வேண்டிய கோளாறு. வெளியே இருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே, டேங்க் வழிவதாகத்தான் தெரியும். இவற்றைப் பிரித்தறியாமல் மூடி, தெர்மோஸ்டாட், ஃபேன், வாட்டர் பம்ப் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவதில் பணம் வீணாவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: அந்த இடைவெளியில் இன்ஜின் மேலும் மேலும் சூடுபட்டு, சிறிய கோளாறு பெரிய கோளாறாக மாறிவிடுகிறது.

விரிவதை முதலில் முடித்துவிடலாம். சிறிய காரின் சுற்றில் 4 முதல் 5 லிட்டர் வரை கூலன்ட் இருக்கும். காலைக் குளிரிலிருந்து ஓடும் வெப்பநிலைக்கு வரும்போது அது 200 மில்லிலிட்டர் அளவுக்கு விரியும். அந்தக் கூடுதல் திரவம் மூடியின் அழுத்த வால்வைத் தள்ளிக்கொண்டு சிறு ஹோஸ் வழியாக ரிசர்வ் டேங்குக்குப் போகும். இன்ஜின் ஆறும்போது மூடியிலுள்ள இன்னொரு சிறு வால்வு திறந்து அதே திரவத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எனவே வண்டி ஓடி வந்தபின் டேங்கில் மட்டம் உயர்ந்திருப்பது பழுது ஆகாது. குளிர்ந்த நிலையில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரு கோடுகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய திரவத்தைச் சிலர் டேங்கின் கழுத்துவரை நிரப்பிவிடுகிறார்கள். அப்படி நிரப்பினால் விரியும் திரவத்துக்கு இடமில்லாமல் அது வழியத்தான் செய்யும். உங்கள் வண்டியில் முள்ளும் மேலே போகிறது, அளவும் குறைகிறது என்பதால் இது முழுக் காரணமாக இருக்க முடியாது. ஆனாலும் சோதனைகளைத் தொடங்குமுன் மட்டத்தை இரு கோடுகளுக்கும் நடுவே கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் காண்பது எதையும் நம்ப முடியாது.

உங்கள் காரில் எந்த வகைச் சுற்று என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்த மூடி ரேடியேட்டரின் தலையில் இருந்து, டேங்குக்குச் சாதாரண பிளாஸ்டிக் மூடி மட்டும் இருந்தால் நான் மேலே சொன்ன வகை. ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், டேங்கிலேயே திருகும் அழுத்த மூடி இருந்தால் அந்த டேங்கும் அழுத்தத்துக்குள் இயங்குவது. அதில் உறிஞ்சித் திரும்பும் வேலை இல்லை, டேங்கின் பிளாஸ்டிக் இணைப்பில் வயதானபின் விழும் மயிரிழை விரிசலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீங்கள் ரேடியேட்டர் மூடியை மாற்றியதாகச் சொல்வதால் முதல் வகை என்றே கொண்டு எழுதுகிறேன்.

இனி, ஏற்காடு ஏறும்போது மட்டும் ஏன் என்பது. சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டரில். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த உயரத்தை ஏறிவிடுகிறோம். ஆட்களோடு 1300 கிலோ எடையுள்ள ஒரு காரை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அப்படி ஏற்றிச் செல்ல, அதே வேகத்தில் சமதளத்தில் ஓடுவதைவிடப் பல மடங்கு ஆற்றல் தேவை. எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆக, வெப்பம் மிக அதிகமாகப் பிறக்கும் நேரத்தில், வண்டியின் வேகம் குறைவாக இருப்பதால், ரேடியேட்டரின் ஊடே வீசும் எதிர்க்காற்று மிகக் குறைவாக இருக்கிறது. நகருக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் பாதிக் கோளாறு மலையில் முழுக் கோளாறாக வெளிப்படுவது இதனால்தான்.

உயரம் இன்னொன்றையும் செய்கிறது. காற்றழுத்தம் குறைவதால், திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் சேலத்தில் 99 டிகிரி செல்சியஸிலும் ஏற்காட்டில் 95 டிகிரியிலும் கொதிக்கும். வீட்டுக் குக்கரைப் போலவே ரேடியேட்டர் மூடியும் அழுத்தத்தைத் தக்கவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. 0.9 பார் அழுத்தம் என்று பொறித்த நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூடச் சேலத்தில் 118 டிகிரிவரை, ஏற்காட்டில் 116 டிகிரிவரை கொதிக்காது. தண்ணீரும் அடர் கூலன்டும் சரிபாதியாக இருந்தால் இன்னும் சில டிகிரி கூடும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். இன்ஜினின் இயல்பான வேலை வெப்பமே 90 முதல் 100 டிகிரிவரை என்பதால், மூடி பழுதான வண்டியில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மலையேறுவது, கொதிக்கும் கோட்டின் மேலேயே ஓட்டிச் செல்வதாகும். உங்கள் வண்டி இருக்கும் நிலை ஏறத்தாழ இதுதான் என்று நான் அஞ்சுகிறேன். வாரம் அரை லிட்டர் வீதம் தண்ணீரே ஊற்றி வந்திருப்பதால் கூலன்டின் பங்கு எப்போதோ கரைந்து போயிருக்கும்.

மூடியை மாற்றியாகிவிட்டது என்பதை நான் முடிந்த காரியமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். புதிய மூடியில் 0.9, 1.1 அல்லது 88, 108 என்பன போன்ற எண் பொறித்திருக்கும். முன்னவை பார் கணக்கு, பின்னவை கிலோபாஸ்கல் கணக்கு. அந்த எண் உங்கள் காரின் கையேட்டில் உள்ளதோடு பொருந்த வேண்டும். மூடியின் உள்ரப்பர் உட்காரும் உயரம் ரேடியேட்டர் கழுத்தின் ஆழத்தோடு பொருந்த வேண்டும். எண் சரியாக இருந்தும் உயரம் தவறினால் அழுத்தம் நிற்காது. கழுத்தின் உள்விளிம்பில் உப்புப் படிந்திருந்தாலும் புதிய மூடி கசியும். விரலால் தடவிப் பார்த்தாலே சொரசொரப்புத் தெரியும். கைப்பம்பில் பொருத்தி மூடியைச் சோதிக்கும் கருவி ஓரளவு பெரிய பட்டறைகளில் இருக்கிறது. சில நிமிட வேலை. அதிக அழுத்தம் தாங்கும் மூடியைப் போட்டால் கொதிக்காதே என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கூடுதல் அழுத்தத்தை ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பக்கத் தொட்டிகளும் பழைய ஹோஸ்களும் தாங்க வேண்டும். 8 வயதான வண்டியில் அதைச் செய்யாதீர்கள்.

உறிஞ்சித் திரும்பும் வால்வு பழுதாகும்போது தோன்றும் அடையாளம் மிகத் தெளிவானது: மறுநாள் காலை ரிசர்வ் டேங்க் நிரம்பியிருக்கும், ரேடியேட்டரைத் திறந்தால் மட்டம் இறங்கியிருக்கும், சில வேளைகளில் மேல் ஹோஸ் உள்ளே ஒடுங்கியும் இருக்கும். டேங்குக்குப் போகும் சிறு ஹோஸில் வெடிப்பு இருந்தாலும் மட்டம் இதேபோல் இறங்கும், ஏனென்றால் அது திரவத்துக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். பத்து இருபது ரூபாய் ரப்பர்க் குழாய்தான். ஆனால் அதன் கீழ்முனை டேங்கின் அடிவரை போகிறதா, கழன்று மேலே தொங்குகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. டேங்கை மட்டும் பார்த்துவிட்டு "தண்ணீர் நிறைய இருக்கிறது" என்று கிளம்புவதைப்போல் ஆபத்தானது வேறில்லை. ரேடியேட்டர் காலியாகி, வெப்ப உணரி திரவத்தில் நனையாமல் நின்றால், முள் இயல்பான இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

இப்போது மூன்றாவது காரணமான வாயுக் கசிவுக்கு வருகிறேன். எல்லாரும் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் இதற்கான முதற்கட்டச் சோதனைகளுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை, விடை தெரிந்துவிட்டால் மற்றவற்றில் பணம் போடுவதா வேண்டாமா என்பது தெளிவாகிவிடும். இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் அடிப்பகுதியான பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கெட் ஓரிடத்தில் நைந்தால், ஒவ்வொரு எரிப்பின்போதும் சிறிதளவு வாயு கூலன்டுக்குள் தள்ளப்படும். நகரில் மெதுவாக ஓட்டும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, கசிவும் புலப்படாது. மலையில் ஆக்சிலரேட்டரை முக்கால்வாசி அழுத்திப்பிடித்து ஏறும்போதுதான் கசிவு பெரிதாகும். அதாவது நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இதற்கும் பொருந்துகின்றன.

இரவு முழுவதும் நின்ற வண்டியை, சாவி போடுவதற்கு முன்பே திறந்து பாருங்கள். மூடியைத் திருகும்போது "புஸ்" என்று அழுத்தம் வெளியேறினால் அது கெட்ட அறிகுறி. ஆறிய சுற்றில் அழுத்தம் மீந்திருக்கக் காரணமே இல்லை. திரவம் சுருங்கியிருக்கும், ஆனால் உள்ளே புகுந்த வாயு அங்கேயே இருக்கும். பிறகு ரேடியேட்டரின் மட்டத்தைக் கழுத்துவரை நிரப்பி, மூடியைப் போட்டு, இன்ஜினை இயக்கி, மேல் ஹோஸைக் கையால் அழுத்திக்கொண்டே இருங்கள். ஹோஸ் இன்னும் சூடாகாமல், ஓரிரு நிமிடத்துக்குள்ளேயே கல்போல் இறுகினால், அந்த அழுத்தம் வெப்பத்தால் வந்ததாக இருக்க முடியாது. அடுத்து, மறுபடி ஆறவைத்து, மூடியைத் திறந்த நிலையில் இயக்கிப் பாருங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது சுற்றில் சிக்கிய காற்றாக இருக்கலாம். தெர்மோஸ்டாட் திறந்த சில நிமிடங்களில் அவை நின்றுவிடும். நிற்காமல் தொடர்ந்து வந்து, ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் கூடுகின்ற குமிழி எரிப்பு வாயு. ஐயம் இருந்தால் பட்டறையில் நீல நிறச் சோதனைத் திரவம் உண்டு. ரேடியேட்டர் கழுத்தில் வைத்து உள்ளிருக்கும் காற்றை அதன் வழியே உறிஞ்சும்போது, கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். அந்த விடையை நான் நம்புவேன். இன்ஜின் ஆயில் பால்போல் வெளுத்திருப்பது, புகைக்குழாயில் இனிப்பு மணத்தோடு வெண்புகை வருவது ஆகியவை முற்றிய நிலையின் அடையாளங்கள். அவை இல்லை என்பதற்காகக் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட முடியாது. வாயு கூலன்டுக்குள் மட்டும் கசிந்து, ஆயில் பக்கம் எட்டாமலும் இருக்கும். அதேபோல் குளிர்ந்த காலையில் ஏற்காட்டில் எல்லா வண்டியும் சற்று நேரம் வெண்புகை விடும். அது புகைக்குழாயில் குளிர்ந்து படிந்த நீர்த்துளிதான்.

இந்தச் சோதனைகளில் வாயு இல்லை என்று தெரிந்தால் மனம் ஆறுதல் அடையலாம். இனி மிஞ்சுவது கொதிப்பு மட்டுமே. கொதிப்புக்குக் காரணம் ஒன்றில் அழுத்தம் நிற்காதது, அல்லது வெப்பம் வெளியேறாதது, அல்லது திரவம் சுழலாதது.

வெப்பம் வெளியேறுவதில் இரண்டு பாதைகள்: காற்றுப் பக்கம், நீர்ப் பக்கம். நீங்கள் ஐந்து ரோட்டில் ஏசியோடு நின்றும் முள் ஏறவில்லை என்பதால் ஃபேன் அடிப்படையில் ஓடுகிறது என்று கொள்ளலாம். ஆயினும் இரண்டு ஃபேன் உள்ள வண்டியில் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஏசியைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். பிறகு ஏசியை நிறுத்திவிட்டு, இன்ஜின் சூடாகி ஃபேன் தானாக ஓடத் தொடங்கி, வெப்பம் குறைந்ததும் தானாக நிற்கிறதா என்றும் பாருங்கள். அதன்பின் முன்பக்கம். ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்கும் அதன் பின்னாலுள்ள ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள விரல் பருமன் இடைவெளியில் பூச்சி, பஞ்சு, புழுதி எல்லாம் சேர்ந்து கம்பளம்போல் படிந்திருப்பதை வெளியிலிருந்து காண முடியாது. கண்டென்சரின் முகம் பளிச்சென்று இருக்கும், அதன் பின்னால் காற்றே நுழையாது. மென்மையான நீர்வீச்சில், ஃபேன் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கழுவ வேண்டும். அதிக அழுத்தப் பம்பை நெருக்கத்தில் பிடித்தால் மெல்லிய துடுப்புகள் மடங்கி, இருந்த வழியும் அடைபட்டுவிடும்.

நீர்ப் பக்கத்தில்தான் சேலத்துக்காரர்கள் தனிக் கவனம் வைக்க வேண்டும். நகருக்கு வடக்கே மேக்னசைட் வெட்டி எடுக்கும் வெள்ளைக் குன்றுகளை அறியாதவர் இல்லை. இந்த வட்டாரத்தின் பல இடங்களில் போர் தண்ணீர் எவ்வளவு கடினமானது என்பது கீஸரின் சுருளையோ வாளியின் விளிம்பையோ பார்த்தாலே விளங்கும். அதே கால்சிய, மக்னீசிய உப்புகள் ரேடியேட்டரின் மெல்லிய தட்டைக் குழாய்களுக்குள்ளும் சிலிண்டர் ஹெட்டைச் சுற்றிய நீர்வழிகளிலும் படிகின்றன. அதைவிட மோசமானது, கூலன்டில் துருவைத் தடுக்கச் சேர்த்திருக்கும் பாஸ்பேட் போன்ற பொருள்கள் இந்த உப்புகளோடு வினைபுரிந்து தாமே படிவாக இறங்கிவிடுவது. குழாயும் அடைபடுகிறது, துருத்தடுப்பும் போய்விடுகிறது. மேட்டூர்க் குடிநீர் போரைவிட மென்மையானது என்றாலும் ரேடியேட்டருக்கு அதுவும் உகந்ததன்று. பேட்டரிக் கடைகளில் விற்கும் காய்ச்சி வடித்த நீர் போதும்; அமிலம் கலந்ததைத் தவறிப்போய் வாங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளடைப்பை அறியக் கையில் பிடிக்கும் வெப்பமானி ஒன்று உதவும். வண்டி நன்கு சூடான நிலையில் ரேடியேட்டரின் முகத்தில் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் அளந்தால், வெப்பம் சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே திரவம் ஓடவில்லை. இன்னொரு ஒப்பீட்டைச் சாலையே உங்களுக்குத் தருகிறது. தருமபுரி நோக்கித் தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது வேகம் அதிகம், எதிர்க்காற்று தாராளம். அங்கேயும் முள் ஏறினால் ரேடியேட்டரின் உள்ளடைப்பின் மேலோ கேஸ்கெட்டின் மேலோ ஐயம் கூடும். அங்கே சரியாக இருந்து ஏற்காட்டில் மட்டும் ஏறினால் ஃபேன், காற்றுவழி ஆகியவற்றின் மேல் கூடும். இதற்கென்று தனியாகப் பயணம் போக வேண்டாம், போகும் வேலை வந்தால் கவனியுங்கள். முள்ளைவிட நல்ல சாட்சி வேண்டுமானால், ஸ்டீயரிங்கின் கீழுள்ள, இன்ஜின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி கைப்பேசியில் வெப்பநிலையைக் காட்டும் சிறு கருவியைப் பயன்படுத்தலாம். பெரும்பாலான கார்களில் முள் வேண்டுமென்றே மந்தமாக அமைக்கப்பட்டது. 80 டிகிரியிலும் 100 டிகிரியிலும் அது ஒரே நடுவிடத்தில் நிற்கும், அது நகர்ந்துவிட்டது என்றாலே வெப்பம் கணிசமாகக் கூடிவிட்டது என்று பொருள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்வதன் பின்னணி எனக்குப் புரிகிறது. அது திறக்காமல் சிக்கிக்கொண்டால் இன்ஜின் உண்மையாகவே கொதிக்கும். கழற்றிவிட்டால் அந்த ஒரு வாய்ப்பு நீங்கும். ஆனால் பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு, தான் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும் வேலையையும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் சூடான திரவத்தின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். சமதளத்தில் வண்டி குளிர்ந்தும், மலையில் முன்பைவிட மோசமாகவும் ஓடும். சமதளத்திலோ இன்ஜின் வேலை வெப்பத்தை எட்டாமல் பெட்ரோல் அதிகம் செலவாகும், ஆயில் கெடும், எச்சரிக்கை விளக்கும் எரியலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையான காரணம் மறைந்துகொண்டு உள்ளேயே வளரும். சோதிப்பது மிக எளிது. அதைக் கழற்றி, நீர் நிறைந்த பாத்திரத்தில் அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். மேலே 82 என்று பொறித்திருந்தால் அந்த வெப்பத்தை ஒட்டித் திறக்கத் தொடங்கி, நீர் கொதிக்கும் நேரத்தில் முழுமையாகத் திறந்திருக்க வேண்டும். சரியாக இருந்தால் புதிய ரப்பர் வளையத்தோடு திரும்பப் பொருத்துங்கள். இல்லையேல் அதே எண்ணில் புதிதாக வாங்குங்கள்.

திரவத்தைச் சுழற்றும் வாட்டர் பம்பைப் பற்றி இரண்டு வரி போதும். அதன் அடியிலுள்ள சிறு துளையில் கூலன்ட் காய்ந்த நிறத்தடம் இருந்தால் சீல் தேய்ந்துவிட்டது. வெறும் தண்ணீரில் பல ஆண்டுகள் ஓடிய இன்ஜினில் அதன் உள்விசிறி அரித்துப்போயிருப்பதும் உண்டு.

வாரம் அரை லிட்டர் எங்கே போகிறது என்பதைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் ஏற்காடு போகாத வாரத்திலும் குறைகிறது என்றால் அது வழிவதால் மட்டும் வரும் இழப்பு ஆகாது. ஆறிய வண்டியின் ரேடியேட்டர் கழுத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் உள்ள எண்ணளவுக்கு அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் விட்டுப்பார்க்கச் சொல்லுங்கள். பம்பின் அழுத்த முள் இறங்கினால் ஒழுக்கு எங்கோ இருக்கிறது. அலுமினிய நடுப்பகுதியும் பிளாஸ்டிக் பக்கத்தொட்டியும் சேரும் மடிப்பு, ஹோஸ் கிளாம்புகள், பம்பின் துளை ஆகிய இடங்களில் முதலில் தேடுங்கள். உள்ளே, முன்னிருக்கையின் கால்விரிப்பு நனைந்து இனிப்பு மணம் வீசினால், காருக்குள் சூடான காற்றைத் தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. ஏசி தண்ணீருக்கு மணமோ பிசுபிசுப்போ இருக்காது. வெளியே எங்கும் ஈரமில்லாமல் அழுத்தம் மட்டும் இறங்கினால் சிலிண்டருக்குள் போகிறதா என்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூளோ கடையில் விற்கும் அடைப்பானோ போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒழுகும் துளை எது, ஓட வேண்டிய குழாய் எது என்று அந்தத் தூளுக்குத் தெரியாது.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்யும் வரிசை இது. காலையில் ஆறிய வண்டியில் வாயுச் சோதனை. அதில் வாயு இல்லையென்றால் மூடி, கழுத்து, சிறு ஹோஸ். அதே நாளில் அழுத்தச் சோதனை. பிறகு கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சுத்தம் செய்தல். இவை அனைத்தும் முடிந்தபின் முழுக் கூலன்டையும் வடித்து, காய்ச்சி வடித்த நீரால், வடியும் நீர் தெளிவாகும்வரை சுற்றைக் கழுவுதல். தெர்மோஸ்டாட்டை இந்த நேரத்திலேயே கழற்றிச் சோதித்துவிடலாம். அலுமினிய ரேடியேட்டரில் காஸ்டிக் சோடா போன்றவற்றை ஊற்ற விடாதீர்கள், உலோகமே கரையும். கழுவியும் குளிர்ந்த பட்டை மாறவில்லை என்றால் ரேடியேட்டரை மாற்றுவதே வழி. பழைய பித்தளை ரேடியேட்டர்களைத் திறந்து கம்பி விட்டு, ஈயம் பற்றவைத்து மூடியதுபோல் இவற்றை நம்பிக்கையாகச் செப்பனிட முடியாது.

மீண்டும் நிரப்பும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வடித்தபின்னும் இன்ஜின் பிளாக்கின் உள்ளே கணிசமான தண்ணீர் தங்கிவிடும். எனவே கடையில் கலந்து விற்கும் கூலன்டை அப்படியே ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். அடர் கூலன்ட் வாங்கி, கையேட்டில் சொன்ன மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றிவிட்டு, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். சரிபாதிக் கலவை அமையும். உறைபனியே இல்லாத சேலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருவையும் அரிப்பையும் தடுப்பதற்கும், கொதிநிலையை உயர்த்துவதற்கும்தான். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களை நம்பாதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, கையேட்டில் சொல்லும் வகையைப் பார்த்தே வாங்க வேண்டும், இரண்டு வகைகளைக் கலக்கக் கூடாது. வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்த நிலையில் இயக்கி, ஹோஸ்களைப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். சிக்கிய காற்றும் டேங்கை வழியச் செய்யும்; நல்ல வேலை செய்தபின்னும் பழைய கோளாறே திரும்பிவிட்டதாக எண்ணவைக்கும்.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்ற வேண்டாம். எத்திலீன் கிளைகால் இனிப்பானது, நஞ்சு. தெருநாயும் ஆடும் நக்கிக் குடித்துச் சாகும். கேனில் மூடிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு ஆயிலை முறையாகச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கேஸ்கெட்தான் என்று உறுதியானால், ஹெட்டைக் கழற்றியபின் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பூட்டச் சம்மதிக்காதீர்கள். ஹெட் கோணியிருக்கிறதா என்று நேர்பட்டையும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும். பல சிறு இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் கோணலே எல்லை. மீறினால் லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்து முகத்தைச் சமன்படுத்த வேண்டும், அதோடு விரிசல் உண்டா என்று அழுத்தச் சோதனை. பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டுகள் ஒரு முறை மட்டுமே பயன்படுத்தத் தக்கவை. புதியவற்றை, முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால், கையேட்டில் சொன்ன வரிசையில் முடுக்க வேண்டும். இவற்றில் எதை விட்டாலும் சில மாதங்களில் அதே மலையில் அதே இடத்தில் அதே டேங்க் வழியும்.

இவை முடியும்வரை ஏற்காடு போகவே வேண்டியிருந்தால், ஏப்ரல், மே மாத நண்பகலைத் தவிர்த்து விடியலில் ஏறுங்கள். அடிவாரத்திலேயே ஏசியை நிறுத்திவிடுங்கள். உயர் கியரில் இன்ஜினைத் திணறவிடாமல், இரண்டாம் கியரில் இன்ஜின் சற்று வேகமாகச் சுழலும்படி ஏறினால் பம்ப் நன்றாக ஓடும். முள் நகரத் தொடங்கியதும் ஹீட்டரை முழுச் சூட்டில், முழு விசிறியில் வையுங்கள். உட்காருவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அது ஒரு சிறு ரேடியேட்டராக உதவும். மேலே சென்றதும் உடனே இன்ஜினை அணைக்காதீர்கள். அணைத்தால் பம்ப் நின்று, ஹெட்டைச் சுற்றிய திரவம் அங்கேயே நின்று கொதித்து டேங்கை வழியச் செய்யும். ஏரிக்கரையில் நீங்கள் காண்பதில் ஒரு பகுதி இதுவாகவே இருக்கலாம். ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டாலோ, டேங்கில் திரவமே இல்லாவிட்டாலோ மட்டும் உடனே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். அப்போது மூடியைத் தொடாதீர்கள். 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் நிற்கும் திரவம், மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாகப் பாய்ந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். துணியைப் போட்டுத் திறக்கலாம் என்பது பொய்த் துணிச்சல். மேல் ஹோஸைக் கையால் அழுத்தி, அதன் சூடும் இறுக்கமும் அடங்கும்வரை, ஒரு மணி நேரமானாலும் காத்திருங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழக்கூடும் என்பதால், ஆறியபின் ஊற்றுவதுகூடச் சிறிது சிறிதாகவே இருக்கட்டும். பின்னிருக்கைக்கு அடியில் 2 லிட்டர் காய்ச்சி வடித்த நீர் எப்போதும் இருக்கட்டும்.

வேலை முடிந்தபின் டேங்கில் காலை மட்டத்தை மார்க்கர் பேனாவால் கோடிட்டு, ஒரு வாரம் நகருக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு காலையும் ஆறிய நிலையில் டேங்கின் மட்டம் அதே கோட்டிலும், ரேடியேட்டரின் மட்டம் கழுத்திலும் நின்றால் மலையேறலாம். கோட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஒழுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. அழுத்தச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.